இரண்டு வயதை எட்டும் பிள்ளையுடன் கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு

வெள்ளவத்தையில் வசிக்கும் நீங்கள், ஒரு வயதும் பத்து மாதமும் நிரம்பிய மகனுடன் அடுத்த மாதம் துபாய் வழியாக ரொறன்ரோ சென்று, ஸ்காபரோவில் உள்ள அக்காவின் வீட்டில் மூன்று மாதம் தங்கித் திரும்பவிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இருவருக்கும் விசா கிடைத்துவிட்டது, பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை, வேலை காரணமாகக் கணவர் உடன்வர மாட்டார் என்றும் சொல்லி, பயணத்துக்கு எவ்வாறு ஆயத்தமாவது, பிள்ளையைச் சமாளிக்க என்னென்ன விளையாட்டுப் பொருட்களை எடுத்துச் செல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாட்டுப் பொருட்களுக்கு ஓரிரு வரிகளே போதும் என்பதால் அவற்றைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். பயணச்சீட்டு முகவர் நிலையத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எனக்கு முதலில் கண்ணில் படுவது உங்கள் மகனின் பிறந்த திகதிதான்.

இரண்டு வயது நிரம்பாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பயணம் செய்யலாம். சர்வதேசப் பயணங்களில் அதற்குப் பெரும்பாலும் பெரியவர்களின் கட்டணத்தில் பத்து வீதமும் வரிகளும் அறவிடப்படும். ஆனால் அந்த வயது சீட்டு எடுக்கும் நாளில் அன்றி, ஒவ்வொரு பயணம் நிகழும் நாளிலும் கணக்கிடப்படுகிறது. உங்கள் மகன் போகும்போது மடிப் பிள்ளை. கனடாவில் இருக்கும்போது இரண்டு வயது நிரம்பிவிடுவதால் திரும்பும்போது தனி இருக்கையும் சிறுவர் கட்டணமும் கட்டாயம். இருவழிச் சீட்டு எடுக்கும்போதே இதை முகவரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், புறப்படும் நாளில் எவரும் கேட்காமல், மூன்று மாதம் கழித்து ரொறன்ரோவில் பயணப் பதிவுக்கு நிற்கும்போதுதான் விடயம் தெரியவரும். அன்றைய விலையில் ஓர் இருக்கை வாங்குவது கையைக் கடிக்கும்.

நம்மவர் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் புத்தி, ‘இரண்டு வயதுக்குள் போய்விடு, காசு மிச்சம்’ என்பது. சென்னைக்கு அது சரி. ஒன்றரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். துபாய் வரைக்கும்கூட ஐந்து மணி நேரத்துக்கு உட்பட்டதுதான். துபாயிலிருந்து ரொறன்ரோவுக்கு ஏறத்தாழ பதினான்கு மணி நேரம், பத்துப் பதினொரு கிலோ எடையுள்ள, நடக்கத் தெரிந்த, உட்கார விரும்பாத ஒரு பிள்ளையைத் தனி ஆளாக மடியில் வைத்திருப்பது வேறு விடயம். முன்வரிசைச் சுவரில் பொருத்தும் குழந்தைத் தொட்டிலை நம்பிச் சிலர் சீட்டு எடுக்கிறார்கள். அது கைக்குழந்தைகளுக்கானது, எடை வரம்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், எமிரேட்ஸில் 11 கிலோ. எடை தப்பினாலும் நீளம் இடங்கொடுக்காது, உங்கள் மகனின் வயதில் பிள்ளைகள் பெரும்பாலும் 80 சென்ரிமீற்றரைத் தாண்டியிருப்பார்கள். தவிர, இருக்கைப் பட்டி அணியுமாறு விளக்கு எரியும் ஒவ்வொரு முறையும் தூங்கும் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்கி மடியில் வைக்க வேண்டும்.

ஆகவே என் அபிப்பிராயம் இது: அக்காவின் வீட்டில் திருமணமோ வேறு விசேஷமோ திகதி குறித்து நடக்கவில்லையென்றால், மகனுக்கு இரண்டு வயது நிரம்பியபின் புறப்படுங்கள். போக வர இரண்டுக்கும் சிறுவர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும், அது சிறிய தொகையன்று. பதிலுக்கு அவனுக்கென ஓர் இருக்கை, ஒரு பட்டி, ஓர் உணவு, முழு அளவிலான பொதி அனுமதி ஆகியவை கிடைக்கும். உறவினருக்குப் பரிசு வாங்கும் செலவைக் குறைத்தாவது இதைச் செய்யலாம் என்பேன். இப்போதே தனி இருக்கை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வாங்கலாம், ஆனால் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை தனி இருக்கையில் அமர்வதானால் விமானத்தில் பயன்படுத்த அங்கீகரிக்கப்பட்ட கார் இருக்கையையும் கொண்டுவர வேண்டும் எனப் பல நிறுவனங்கள் விதித்திருக்கின்றன. அதையும் பிள்ளையையும் பைகளையும் தனியொருவர் சுமந்து துபாயில் விமானம் மாறுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதுகாப்பும் இதில் இருக்கிறது. 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் சென்றுகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் மியன்மாருக்கு மேலே கடும் காற்றுக்குலுக்கலில் சிக்கியபோது, நாலரைச் செக்கன்களுக்குச் சற்று அதிகமான நேரத்தில் 178 அடி கீழிறங்கியதாகவும், பட்டி அணியாதிருந்தவர்கள் மேலே தூக்கி எறியப்பட்டு விழுந்ததாகவும் விசாரணையின் முதற்கட்ட அறிக்கை கூறியது. அத்தகைய கணத்தில் தாயின் கைகளால் பிள்ளையைப் பிடித்து வைத்திருக்க முடியாது. மடியில்தான் கொண்டுபோவது என்று முடிவாகிவிட்டால், உங்கள் பட்டியுடன் கோர்க்கும் குழந்தைப் பட்டியைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்குங்கள். உங்கள் பட்டிக்குள்ளேயே பிள்ளையையும் சேர்த்து இறுக்காதீர்கள். விமானம் திடீரென நிற்கும்போது உங்கள் உடலின் பாரம் முழுவதும் பிள்ளையின் வயிற்றில் அழுந்தும்.

பத்திரங்களில் நம்மவருக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிள்ளையின் கடவுச்சீட்டில் தகப்பனின் பெயர் குடும்பப் பெயராக நிற்கும்; தாயின் கடவுச்சீட்டில் பெரும்பாலும் அவருடைய தகப்பனின் பெயர் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கனடிய எல்லை உத்தியோகத்தருக்கு, நீங்கள் இருவரும் தாயும் மகனும் என்பதற்கு அந்தப் புத்தகங்களில் எந்த ஆதாரமும் தெரியாது. எனவே பிறப்புச் சான்றிதழின் பிரதியையும், சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பையும், திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பையும் கைப்பையில் வையுங்கள். அவற்றுடன் கணவரின் சம்மதக் கடிதமும் வேண்டும். பிள்ளை தாயுடனோ தகப்பனுடனோ தனியே வரும்போது மற்றவரின் கடிதம் இருப்பது நல்லது எனக் கனடிய அரசே அறிவுறுத்துகிறது. சட்டப்படி கட்டாயம் இல்லையென்றாலும் எல்லையில் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. பயணத் திகதிகள், தங்கும் முகவரி, அக்காவின் பெயரும் தொலைபேசி இலக்கமும், இருவரின் கடவுச்சீட்டு இலக்கங்கள், கணவரைப் பகலிலும் இரவிலும் தொடர்புகொள்ளும் இலக்கம் எல்லாம் அதில் இருக்க, நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் அவர் கையொப்பமிடட்டும். இலங்கையில் பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு வழங்கப்படும் கடவுச்சீட்டு மூன்று வருடங்களுக்கே செல்லுபடியாகும் என்பதால், பிறந்தவுடன் எடுத்த புத்தகமாயின் காலாவதித் திகதியைச் சீட்டு எடுக்குமுன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்க வேண்டியிருந்தால் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போவதற்கு முன்பே அங்கீகாரம் பெற்ற ஸ்டூடியோவில் படம் எடுத்துவிட வேண்டும், அவர்களே அதைத் திணைக்களத்துக்கு அனுப்பிப் பற்றுச்சீட்டுத் தருவார்கள்.

அடுத்தது வைத்தியர். பிள்ளைக்குத் தடிமனோ காதுவலியோ இருந்தால் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்னர் காட்டுவது, முதல் நாள் இரவு ஓடுவதைவிட மேல். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோய்ப் பதினெட்டு மாதத் தடுப்பூசி போடப்பட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். ஊசி ஒன்பதாம் மாதத்தில் ஒன்றும் மூன்று வயதில் மற்றொன்றுமாகப் போடப்படுவதால், உங்கள் மகனுக்கு இப்போது ஒரே ஊசிதான் ஆகியிருக்கும். பயணத்தை முன்னிட்டு ஏதும் செய்ய வேண்டுமா என்று சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்திலோ குழந்தை நல வைத்தியரிடமோ கேளுங்கள். பதிவேட்டின் எல்லாப் பக்கங்களையும் தொலைபேசியில் படமெடுத்து வைத்தால், அங்கே காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போகும்போது உதவும்.

விமானத்தில் பிள்ளைகள் அலறுவதற்குப் பல காரணங்கள் இருந்தாலும், தேற்ற முடியாமல் அலறுவது பெரும்பாலும் காதினால். தொண்டையின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் சிறு பிள்ளைகளுக்கு ஒடுக்கமாகவும் ஏறக்குறையக் கிடையாகவும் இருக்கும். பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப்போல, அதாவது நுவரெலியாவிலோ அதைவிடச் சற்று மேலேயோ இருப்பதைப்போலக் குறைந்திருக்கும். கீழே இறங்கும்போது அழுத்தம் மீண்டும் கூடும். அப்போது அந்தக் குழாய் திறந்து காற்றை உள்ளே விடாவிட்டால் செவிப்பறை உட்புறமாக இழுபட்டு வலிக்கும். விழுங்கும்போதுதான் குழாய் திறக்கிறது. பெற்றோர் புறப்படும் நேரத்தில் பால் போத்தலைக் கொடுத்து முடித்துவிட்டு, இறங்கும் நேரத்தில் கையில் ஒன்றுமில்லாமல் இருப்பார்கள். வலி அதிகம் வருவது இறங்கும்போது என்பதால் குடிக்கும் பொருளை அதற்கென ஒதுக்கி வையுங்கள். விமானம் தரை தொடுவதற்கு ஏறத்தாழ அரை மணி நேரத்துக்கு முன்னரே இறக்கம் தொடங்கிவிடும். எஞ்சின் ஓசை தணிவதை வைத்து அறியலாம், விமானி அறிவிப்பதும் உண்டு. அப்போது பிள்ளை தூங்கினால், எழுப்ப மனம் வராது என்பது உண்மைதான். தூக்கத்தில் விழுங்குவது குறைவு என்பதால் எழுப்பிவிடுவதே நல்லது. தாய்ப்பால் இன்னும் குடிக்கிறான் என்றால் அதைவிட எளிய வழி இல்லை. இல்லாவிட்டால் உறிஞ்சு குழாய் உள்ள கோப்பையில் தண்ணீரோ பாலோ சிறிது சிறிதாகக் கொடுங்கள். அந்தக் கோப்பையில் குடிக்க இப்போதிருந்தே வீட்டில் பழக்கலாம், புதுக் கோப்பையை விமானத்தில் அறிமுகப்படுத்தினால் தட்டிவிடுவான்.

கடற்கரை ரயில் பாதையின் ஓரத்தில் வளரும் வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்கு எஞ்சின் இரைச்சல் பெரிய விடயமாக இருப்பதில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். விமானத்தையே பக்கத்தில் பார்க்காத பிள்ளை என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். நிறுத்தி வைத்திருக்கும் விமானங்களைச் சுற்றி நடந்து பார்க்கலாம்.

தூங்க வைப்பதற்கு மருந்து கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்லுவார்: ‘ஏறமுன்னம் கொஞ்சம் பிரிட்டோன் பாணி குடுத்துவிடு பிள்ளை, பேசாமல் படுத்திடுவான்.’ கொடுக்க வேண்டாம். அது ஒவ்வாமைக்கான மருந்து. சில பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக மணிக்கணக்கில் துள்ள வைக்கும். அதே வகையைச் சேர்ந்த ப்ரொமெத்தசின் மருந்து சிறு பிள்ளைகளின் சுவாசத்தை ஆபத்தான அளவுக்குத் தாழ்த்தக்கூடும் என்பதால், இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அதைக் கொடுக்கவே கூடாது என அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. கைப்பையில் இருக்க வேண்டியவை பனடோல் பாணி, வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் ஜீவனி பக்கற் இரண்டு, வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகள். பிள்ளையின் எடைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்று வைத்தியரிடம் கேட்டுப் பெட்டியின் மேலேயே எழுதிவைத்தால், நடு வானில் அரைத் தூக்கத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை.

திரவப் பொருட்களை 100 மில்லிலீற்றருக்கு மேல் கொண்டுபோக முடியாதென்ற விதி 2006இல் லண்டனில் ஒரு சதித்திட்டம் கண்டுபிடிக்கப்பட்டதன் பின் வந்தது. பிள்ளைக்கான பால், உணவு, மருந்து ஆகியவற்றுக்குப் பயணத்துக்குத் தேவையான அளவில் விலக்கு உண்டு. அவற்றைத் தனிப் பையில் போட்டு, கேட்குமுன்பே எடுத்து நீட்டிவிட்டால் வேலை சுருக்கமாக முடியும். பால்மாவை ஒரு வேளைக்கு ஒன்றாகச் சிறு டப்பாக்களில் அளந்து போட்டு, வெந்நீரை விமானத்தில் கேட்டு வாங்குங்கள். அது நேரடியாக ஊற்ற முடியாத சூட்டில் வரும், ஆதலால் போத்தல் தண்ணீரும் சேர்த்துக் கேட்டு, கலப்பதை உங்கள் தட்டில் வைக்காமல் பணிப்பெண்ணின் கையாலேயே செய்விப்பது புத்திசாலித்தனம். பிள்ளையின் கை எங்கே எப்போது நீளும் என்று தெரியாது. மடிப் பிள்ளைகளுக்குத் தரப்படும் உணவு பெரும்பாலும் போத்தலில் அடைத்த கூழ்தான். சோறு தின்னும் பிள்ளை அதைத் தொடாது. கொழும்பிலிருந்து துபாய் வரைக்கும் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம்: இடியப்பத்தைப் பாலிலோ சொதியிலோ ஊற வைக்காமல், சிறிது நெய் தடவி உதிர்த்துப் போட்டால் கையால் எடுத்துத் தானே தின்பான், உடுப்பும் பாழாகாது. கதலி வாழைப்பழம், கிறீம் கிறாக்கர், ரொட்டித் துண்டுகள் எல்லாம் நல்லவை. நீண்ட பயணத்துக்குச் சமபோஷா என்னும் சத்துமா கைகொடுக்கும், வெதுவெதுப்பான தண்ணீரோ பாலோ இருந்தால் போதும். மிஞ்சிய பழத்தையும் சமைத்த உணவையும் ரொறன்ரோவில் இறங்குமுன் விமானத்திலேயே விட்டுவிடுங்கள், இல்லையேல் எல்லையில் அறிவிக்க வேண்டும்.

கைப்பையில் பம்பர்ஸ் எத்தனை என்றால், இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வீட்டு வாசலிலிருந்து அக்கா வீட்டு வாசல் வரைக்கும் எண்ணி, அதற்குமேல் நாலைந்து. ஒட்டும் வகையைவிடக் காற்சட்டைபோல் இழுத்துவிடும் வகையை வாங்குங்கள்; விமானக் கழிவறையில் பிள்ளையைக் கிடத்தும் பலகை எல்லாவற்றிலும் இருப்பதில்லை, நிற்க வைத்தே மாற்ற வேண்டிவரும். பிள்ளைக்கு மாற்றுடுப்பு எடுக்கும் தாய்மார் தமக்கு எடுப்பதில்லை. பால் வாந்தி பட்ட சட்டையுடன் பத்து மணி நேரம் இருக்க வேண்டாம் என்றால் உங்களுக்கும் ஒன்று வையுங்கள். அழுக்கானவற்றைப் போட்டுக் கட்ட நாலைந்து சொப்பிங் பைகள்.

புறப்படும் நாளன்று நம்மவர் வழக்கப்படி ஒரு வான் நிறைய உறவினர் கட்டுநாயக்காவுக்கு வருவார்கள். அம்மம்மா முத்தமிட, மாமா தூக்க, சித்தி அழ, பிள்ளை கைமாறிக் கைமாறி, உள்ளே போகும் வாசலில் தகப்பனிடமிருந்து பிரித்தெடுக்கும்போது கதறத் தொடங்கும். அந்தக் கதறலோடுதான் நீங்கள் பொதிச் சோதனைக்கும் பயணப் பதிவுக்கும் குடியகல்வுக்கும் வரிசையில் நிற்க வேண்டும். விடைபெறுவதை வீட்டிலேயே முடித்துவிட்டு, கணவரும் இன்னும் ஒருவரும் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லிப் பாருங்கள். மனஸ்தாபம் வந்தாலும் மூன்று மாதத்தில் ஆறிவிடும். அதிவேகப் பாதை 2013இல் திறக்கப்பட்டபின் பேலியகொடையிலிருந்து விமான நிலையம் அரை மணி நேரத் தூரம்தான். வெள்ளவத்தையிலிருந்து பேலியகொடை வரை போவதுதான் மாலை நேரத்தில் கணக்கில் அடங்காதது. மூன்று மணி நேரத்துக்கு முன் என்று சொல்வதை உங்களுக்கு மூன்றரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். விமானத்தில் ஏறப் பிள்ளைகளுடன் வருவோரை முதலில் அழைப்பார்கள். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் பைகளுடன் ஏறி, மற்றவர் பிள்ளையைக் கடைசிவரை வெளியே ஓடவிடலாம். தனியே போகும் உங்களுக்கு அந்த வசதி இல்லாததால் அழைத்தவுடன் ஏறி, பைகளை மேலே வைக்க உதவி கேளுங்கள்.

துபாயில் விமானம் மாற மூன்று நான்கு மணி நேரம் கிடைக்கும் இணைப்பைத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரம் என்றால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், பத்து மணி நேரம் என்றால் இருவரும் களைத்துவிடுவீர்கள். அங்கே மீண்டும் ஒரு பாதுகாப்புச் சோதனை உண்டு. உங்கள் தள்ளுவண்டியைக் கொழும்பில் விமான வாசலில் ஒப்படைத்தால் அது துபாயில் வாசலிலேயே திரும்பக் கிடைக்குமா, ரொறன்ரோவில்தான் கிடைக்குமா என்று கேட்டு, ஒட்டப்படும் துண்டில் பாருங்கள். எமிரேட்ஸில் போவோருக்குத் துபாய் முனையத்தில் இலவசத் தள்ளுவண்டிகள் உள்ளன. அந்த இடைவேளையில் பிள்ளையை உட்கார வைக்காமல், களைக்கும்வரை நடக்க விடுங்கள்.

விளையாட்டுப் பொருட்கள்: ஒட்டிப் பிரிக்கக்கூடிய படங்கள் ஒரு தாள், பழகிய துணிப் பொம்மை ஒன்று, இதுவரை காணாத சிறு பொருள் இரண்டு. உருளுவதும் ஓசை எழுப்புவதும் வேண்டாம். தொலைபேசியில் காணொளிகளைப் பதிவிறக்கி வையுங்கள். இந்த ஒரு நாளைக்கு அளவு பார்க்க வேண்டியதில்லை.

ரொறன்ரோவில் உங்களை அழைக்க அக்கா காரில் வருவார் என்றால், அதில் பிள்ளைக்கான இருக்கை பொருத்தியிருக்க வேண்டும். ஒன்ராறியோ சட்டப்படி எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு எடைக்கேற்ற இருக்கை கட்டாயம்; 9 முதல் 18 கிலோ வரை முன்நோக்கிய, பட்டிகள் கொண்ட இருக்கை. கொழும்பில் முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துப் பழகிய நமக்கு இது கடைசி நிமிடத்தில்தான் நினைவுக்கு வரும். மேப்பிள் இலையுடன் கூடிய கனடிய தேசியப் பாதுகாப்பு முத்திரை உள்ள இருக்கையை இப்போதே வாங்கவோ இரவல் பெறவோ அக்காவிடம் சொல்லிவையுங்கள்.

அங்கே கோடையில் கொழும்பைவிட ஒன்பதரை மணி நேரமும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேரமும் பின்னால். முதல் சில இரவுகளில் பிள்ளை இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்பான். கொடுத்து, விளக்கைப் பெரிதாகப் போடாமல் மீண்டும் படுக்க வைத்து, விடிந்ததும் வெளிச்சத்தில் வெளியே கொண்டுபோங்கள். உடல் நாளுக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் மாறும் என்பார்கள், ஆகவே உறவினர் வீட்டு விருந்துகளை முதல் கிழமையில் ஏற்காதீர்கள். கிழக்கு நோக்கித் திரும்பி வரும்போது பழகுவதற்கு இதைவிடக் கூடுதல் நாளாகும். திரும்பிய அடுத்த நாளே வேலைக்குப் போக வேண்டிய விதத்தில் திரும்பும் திகதியைப் போட வேண்டாம்.